உச்சியில் நிற்க ஓர் ஆள்

டெர்ரிநாஸ்,
ஜனவரி 12

அன்புள்ள மச்சான் ஃபெஸ்டஸ்,

என் சமையலறை ஜன்னலில் நின்றால் உன் வீட்டுப் புகைபோக்கி தெரிகிறது. ஆனாலும் இந்தக் கடிதம் நகரத்துக்குப் போய், முத்திரை குத்துப்பட்டு, மூன்றாம் நாள் பாபீனின் தபால் வண்டியில்தான் உன்னிடம் வந்து சேரும். நமக்கு நடுவே இருப்பது ஒரு கல்சுவர். ஒன்பது மாதமாக நீ என்னோடு பேசவில்லை. போனை எடுப்பதில்லை. மாதா கோயிலில் நான் வலப்பக்கம் உட்கார்ந்தால் நீ இடப்பக்கம் போய்விடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

மானிய அலுவலகத்தின் கடிதம் உனக்கும் வந்திருக்கும். மலையில் பங்குள்ள நம் ஐந்து வீட்டுக்கும் ஒரே வாசகம். மார்ச் பிறந்தபின் மலையில் தீ வைக்கக் கூடாது என்பது சட்டம். போன ஏப்ரலில் நம் பொதுமலை எரிந்திருக்கிறது. ஆகவே மானியம் நிறுத்தி வைக்கப்படுகிறது. தீ வைத்தவர் இன்னார் என்று பிப்ரவரி கடைசிக்குள் தெரிந்தால் தண்டனை அவரோடு நிற்கும். தெரியாவிட்டால் ஐந்து வீட்டுக்கும் மூன்று ஆண்டுகள்.

மூன்று ஆண்டுகள் என்பதன் அர்த்தத்தை நினைத்துப் பார். இப்போதுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் மானிய ஏற்பாடு 2027ஓடு முடிகிறது. அதன்பின் எவ்வளவு வரும், யாருக்கு வரும், வருமா என்றே யாருக்கும் தெரியவில்லை. இந்த நேரத்தில் பட்டியலில் நம் பெயர் இல்லாமல் போனால்? நிறுத்தத்தில் ஆள் இல்லாவிட்டால் பேருந்து நிற்காது. அடுத்த பேருந்து ஏழு வருடம் கழித்து.

நமக்கு வயதாகிவிட்டது, எப்படியும் ஓட்டிவிடுவோம். காஹலும் நோரீனும்? ஐந்து வீட்டில் நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் அவர்கள் மட்டும்தான். அந்தத் தீயில் செத்த இருபத்து மூன்று ஆடுகளும் அவர்களுடையவை. நேற்று பூசை முடிந்ததும் காஹல் என்னிடம் வந்தான். "மாஸ்டர், மூணு வருசம் ஒண்ணும் வராதுன்னா நாங்க இங்க உக்காந்து என்ன பண்றது? நோரீனோட அக்கா லீட்ஸ்ல இருக்கா. அங்க போயிரலாமான்னு பேசிக்கிட்டிருக்கோம்" என்றான். அவனுடைய இரட்டைக் குழந்தைகள் சேரும் வருடம் நம் பள்ளிக்கூடத்தில் மொத்தம் ஒன்பது பேர். அவர்கள் போனால் ஏழு. ஏழுக்குப் பள்ளியைத் திறந்து வைக்க மாட்டார்கள்.

நான் குற்றம் சாட்டவில்லை, மச்சான். கேட்டுக்கொள்கிறேன். நீயே போய்ச் சொல்லிவிடு. டீலியா உயிரோடிருந்தால் தன் அண்ணனிடம் இதைத்தான் கேட்டிருப்பாள்.

அன்புடன்,
பார்ட்லி


ஜனவரி 20

மாஸ்டருக்கு,

கடிதம் வந்தது. "எதுத்த வீட்டுல இருந்து எதுத்த வீட்டுக்குத் தபாலு! நீங்க ரெண்டு பேரும் இருக்கிற வரைக்கும் என் வேலைக்கு ஆபத்தில்ல" என்றாள் பாபீன். நான் சிரிக்கவில்லை.

டீலியாவை இதற்குள் இழுக்காதே. அவள் உனக்கு மனைவியாவதற்கு முன்னால் எனக்குத் தங்கை. செத்தவளைச் சாட்சிக்குக் கூப்பிடுவது உனக்குச் சுலபம், அவள் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

தீ வைத்தது யார் என்று என்னிடம் கேட்கிறாய். நீ கேட்கிறாய்! விடையைக் கைக்குள் வைத்துக்கொண்டு பையன்களை எழுப்பி நிறுத்திக் கேட்பாயே, அந்தப் புத்தி ஓய்வு பெற்றும் போகவில்லை.

மலையை எரிக்க ஆள் இரண்டு வேண்டும். என் அப்பாவும் உன் அப்பாவும் அப்படித்தான் எரித்தார்கள். பிறகு முப்பது வருடம் நீயும் நானும். ஒருவன் முதலில் உச்சிக்குப் போவான். அங்கே குறுக்காக ஒரு கோடு எரித்து அணைத்துவிட்டு ஈரச் சாக்கோடு நிற்பான். அவன் நிற்பது தெரிந்த பிறகுதான் கீழே இருப்பவன் தீக்குச்சி உரசுவான். ஏறி வரும் நெருப்பு அந்தக் கோட்டைத் தொட்டதும் தின்ன எதுவுமில்லாமல் செத்துப்போகும். மேலே ஆள் இல்லாமல் கீழே நெருப்பு வைப்பவன் பைத்தியக்காரன். என்னைப் பற்றி ஊரில் பல பேச்சு உண்டு, ஆனால் பைத்தியக்காரன் என்று எவனும் சொன்னதில்லை.

ஏப்ரல் எட்டு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அந்த நாளையும் நேரத்தையும் குறித்தது யார்? எந்த வீட்டு மேசையில்? முட்புதர் மூடிய நிலத்துக்கு இனி ஒரு காசு வராது என்று எனக்குப் படம் போட்டு விளக்கியது யார்?

பதில் எழுதுவதானால் இதற்கு எழுது.

ஃபெஸ்டஸ்


பிப்ரவரி 1

அன்புள்ள மச்சான்,

உன் கோபம் நியாயமானது. பொறுமையாகச் சொல்கிறேன், நீயும் பொறுமையாகப் படி.

ஆம், என் மேசையில்தான் பேசினோம். நான் சொன்னது இவ்வளவுதான்: அடுத்த ஏற்பாடு வரும்போது வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து எல்லா நிலத்தையும் புதிதாக அளப்பார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. முன்பு ஒருமுறை அப்படி அளந்தபோது மஞ்சள் முட்புதர் மண்டிய இடத்தையெல்லாம் மேய்ச்சல் நிலமே இல்லை என்று கழித்துவிட்டார்கள். உன் பங்கில் பாதி அன்று போனது உனக்கு மறந்திருக்காது. அதைத்தான் நினைவூட்டினேன். மழைக்காலத்தில் காய்ச்சல் வரலாம் என்று வைத்தியர் சொன்னால், வெயில் நாளிலேயே கம்பளியைப் போர்த்திக்கொள் என்று அதற்கு அர்த்தமா? பேச்சு இருக்கிறது என்று சொல்வது வேறு, எரித்துவிடு என்று சொல்வது வேறு.

நாள் குறித்தோம் என்பதும் உண்மை. ஆனால் அன்று காலை எனக்குப் பொறுக்க முடியாத பல்வலி. நகரத்துக்குப் போய்விட்டேன். உனக்குப் போன் செய்து பார்த்தேன், மலையடிவாரத்தில் உனக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. இதை அன்றே உன்னிடம் நேரில் சொல்லாதது என் தவறு.

வியாழக்கிழமை நகரத்து ஹோட்டலில் விவசாயிகள் கூட்டம் நடந்தது. நீ வரவில்லை. சங்கத்தின் ஆள் பேசினார். "இத்தனை நாளா விவசாயத்துக்குன்னு தனிப் பானை இருந்துச்சு. இனிமே எல்லாத்துக்கும் ஒரே பானைங்கிறாங்க. ரோடு, பாலம், பட்டாளம், நாம, எல்லாரும் அதுலதான் கை வைக்கணும்" என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "பானை ஒண்ணுன்னா கரண்டி யாரு கையில?" என்றார். சிரிப்பு. "பென்சன் வாங்குறவங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திருவாங்களாமே, நெசமா?" என்று வேறொருவர். "அப்படின்னா பென்சன்காரங்க எல்லாம் எந்திரிச்சு வெளிய போங்கப்பா, யாரு மிச்சம் இருக்காங்கன்னு பாப்போம்." "காஹல் ஒருத்தன் மிஞ்சுவான். நாம போயி அவனுக்கு டீ போடலாம்."

எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் காஹல் எழுந்தான். "எனக்கு ஒரே கேள்விதான். ஆட்ட வச்சிருக்கவா, விக்கவா? யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க" என்றான். மேடையில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க தம்பி" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நான்கு வாரம்கூட இல்லை, மச்சான்.

பார்ட்லி


பிப்ரவரி 10

மாஸ்டருக்கு,

பல்வலி. நல்லது. உன் நாய்க்கும் பல்வலியா?

அன்று பத்து மணிக்கு நான் உச்சியைப் பார்த்தேன். கற்குவியலுக்குப் பக்கத்தில் உன் நாய் நின்றது. வெள்ளைக் கழுத்து, பால் தெளித்த மாதிரி நெற்றி. இந்தப் பக்கத்தில் அப்படி வேறு நாய் இல்லை. எஜமான் இல்லாமல் நாய் உச்சிக்கு ஏறாது. மாப்பிள்ளை வந்துவிட்டான், கோட்டை எரித்துவிட்டுக் குனிந்து அணைத்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பித்தான் குச்சியை உரசினேன். அந்த நாய் நிற்காதிருந்தால் நான் வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

கால்மணி நேரத்தில் காற்று திரும்பியது. தீ ஓடையோரமாகப் பக்கவாட்டில் தாவிக் காஹலின் சரிவுக்குப் போனது. உச்சியைப் பார்த்துக் கத்தினேன். அப்போது அங்கே நாயும் இல்லை.

ஆடுகளைப் பற்றி உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ பார்க்கவில்லை. தாய் மேய்ந்த இடத்தில்தான் குட்டி மேயும். வேலி வேண்டாம், எல்லை அதன் காலுக்குத் தெரியும். அதற்காகத்தானே தலைமுறை தலைமுறையாக ஒரே வம்சத்தை விற்காமல் வைத்திருக்கிறோம்? அன்று அவற்றைத் தடியால் அடித்து ஓடைக்கு அப்பால் தள்ளினேன். அப்பால் அவற்றின் இடம் இல்லை. திரும்பி வந்தன. மறுபடி தள்ளினேன். மறுபடி வந்தன. என் காலுக்கிடையில் புகுந்து, புகைக்குள் ஓடி, தங்கள் இடத்தில் போய் நின்றன. எல்லாம் சினை ஆடுகள்.

என் வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்காது. டாக்டரிடம் அடுப்பு சுட்டது என்று சொன்னேன்.

மறுநாள் காஹல் செத்த ஆடுகளை டிராக்டரில் ஏற்றினான். நானும் போய்த் துணிக்கட்டு போட்ட கையோடு ஏற்றிவிட்டேன். "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் மாமா" என்றான். அதைக் கேட்டுக்கொண்டு நின்றவன் நான். பத்து மாதமாக ஒவ்வொரு நாளும் அதைக் கேட்கிறேன். அவனிடம் சொல்லாதது கோழைத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் என் வாயைத் திறந்தால் உன் பெயரும் சேர்ந்து வெளியே வரும் என்பதால் மூடிவைத்திருந்தேன். நீயாக வருவாய் என்று பார்த்தேன். நீயோ எனக்குப் புத்தி சொல்லிக் கடிதம் போடுகிறாய்.

அலுவலகத்துக்குப் போகிறேன். தனியாகப் போக மாட்டேன்.

ஃபெஸ்டஸ்


பிப்ரவரி 18

ஃபெஸ்டஸ்,

நான் மேலே இருந்தேன்.

இந்த ஒரு வரியை எழுத ஐந்து தாளைக் கிழித்தேன்.

சாக்கை நனைத்துக்கொண்டு ஒன்பதரைக்கே ஏறத் தொடங்கிவிட்டேன். தீப்பெட்டி கையில் இருந்தது. கோடு எரிக்கக் குனிந்தபோது கீழே ஏரிக்கரைச் சாலையில் ஒரு வெள்ளை ஜீப் நின்றது. யாரோ இறங்கி மலையைப் பார்த்தார்கள். அலுவலகத்து வண்டி என்று நினைத்தேன். மலையேற வந்த வெளியூர்க்காரர்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த நிமிடத்தில் எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்று. இருபது வருடமாக ஐந்து வீட்டுக்கும் மானியப் படிவம் நிரப்புகிறவன் நான். தீ வைக்கும் தடையை ஒவ்வொரு வருடமும் உங்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டுகிறவன் நான். மாஸ்டர் தீப்பெட்டியோடு பிடிபட்டார் என்று கூட்டத்தில், கோயிலில், கடையில் பேசுவார்கள். நாயைக் கூப்பிட்டேன். அது வர மனமில்லாமல் கீழே உன்னையே பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டு முறை விசிலடித்தேன். பிறகு மறுபக்கச் சரிவில் இறங்கினேன். பாதி இறங்கியபோது பின்னால் முட்புதர் வெடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

எனக்கு ஆசிரியர் ஓய்வூதியம் இருக்கிறது. மானியம் நின்றால் என் அடுப்பு அணையாது. ஆகவே பிழைப்புக்குப் பயந்தேன் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்று "யார் செய்தது?" என்று கேட்டிருக்கிறேன். செய்தவன் நிற்கும் இடத்தில் நின்றதில்லை.

இருவரும் போவோம். நாளைக்கே என்று எழுதத்தான் நினைத்தேன். இந்த வாரம் சளி. அடுத்த வெள்ளிக்கிழமை, 27ஆம் தேதி, கெடுவுக்கு முந்தின நாள். பத்து மணிக்கு உன் வாசலில் காரோடு நிற்பேன். அந்தக் கையோடு நீ பஸ்ஸில் போக வேண்டாம். இருவர் பெயரையும் நானே எழுதிக் கொடுக்கிறேன்.

பார்ட்லி


மார்ச் 2

பார்ட்லி,

பத்து மணிக்கு வாசலில் நின்றேன். கோட்டுப் போட்டு, டை கட்டி. டையை இடது கையால் கட்ட அரைமணி நேரம் ஆயிற்று. பத்தரை. பதினொன்று. மழை பிடித்துக்கொண்டது.

காஹலின் வண்டி வந்தது. "என்ன மாமா, மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீங்க? பொண்ணு யாரு?"

"டவுன்ல ஒரு வேலைப்பா."

"ஏறுங்க, நானும் அங்கதான் போறேன்."

ஏறினேன். வேறு என்ன செய்ய? அவன் வண்டியிலேயே போய் இறங்கினேன். அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண். பணிவாகத்தான் பேசினாள்.

"உங்க கூட வேற யாராவது இருந்தாங்களா, சார்?"

"இல்ல."

"இவ்வளவு பெரிய மலையைத் தனியாவா?"

"தனியாத்தான்."

அவள் எழுதிக்கொண்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். இது உனக்காக என்று நினைக்காதே. டீலியாவின் கல்லறைக் கல்லில் அவள் பெயருக்குக் கீழே உன் பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கல்லைப் பார்த்து எவனும் காறித் துப்பக் கூடாது. அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் காஹலிடம் சொன்னேன். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினான். என்ஜினையும் அணைத்தான். கண்ணாடியில் மழை வழிந்தது. "செத்ததை ஏத்தும்போது கூடவே நின்னீங்களே மாமா" என்றான். மறுபடி வண்டியைக் கிளப்பினான். என் வாசல்வரை கொண்டுவந்து விட்டான். நான் இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு மூன்று வருடம். அது முடியும்போது எனக்கு எழுபத்தொன்று. கிழவர்களுக்குக் கிடையாது என்ற பேச்சு மெய்யானால் அதற்குப் பிறகும் இல்லை. மானியம் இல்லாமல் மலையாடு வளர்ப்பது, காசு கொடுத்து மழையில் நனைவது. வியாபாரியிடம் சொல்லிவிட்டேன். இந்த மாதமே ஆடுகளை ஏற்றுகிறான்.

எனக்கு எழுதாதே.

ஃபெஸ்டஸ்


ஏப்ரல் 21

அன்புள்ள மச்சான்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் வீட்டில் இல்லை. ஒன்பதரை மணியிலிருந்து கோயிலுக்குக் கீழே உள்ள வளைவில் காரில் உட்கார்ந்திருந்தேன். நீ டையோடு மழையில் நின்றதைப் பார்த்தேன். காஹலின் வண்டியில் ஏறியதைப் பார்த்தேன். உங்கள் பின்னாலேயே நகரம்வரை வந்தேன், மச்சான். அலுவலகத்துக்கு எதிர்ப்புறம் காரை நிறுத்தினேன். நீ இடது கையால் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாய். அப்போதாவது இறங்கியிருக்கலாம்.

நான்கு வீட்டுக்கும் நிறுத்தி வைத்த மானியம் வந்துவிட்டது. என்னுடையதும்.

புதிய மானிய ஏற்பாட்டைப் பற்றிப் பிரஸ்ஸல்ஸில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று செய்தித்தாளில் போட்டிருந்தது. புதிதாக நிலம் அளப்பது பற்றி அதில் தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு வரிகூட இல்லை. நாம் எரித்தது இன்னும் யாரும் எழுதாத ஒரு விதிக்காக.

உன் ஆடுகள் லாரியில் போன நாள் நான் ஜன்னலில் நின்றேன். இப்போது உன் சரிவு காலியாக இருக்கிறது. அங்கே இடம் பிடித்து நிற்க உன் ஆடுகள் இல்லாததால் மற்றவர்களுடையவை எல்லை மீறி அலைகின்றன. ஜூனில் மலையிலிருந்து மந்தையை இறக்க ஐந்து ஆள் வேண்டும், நான்கு பேரை வைத்துக்கூட ஒருமாதிரி சமாளிக்கலாம். ஆனால் காஹலும் போகிறான்.

நேற்று மதியம் அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டு அடுக்கு டிரெய்லர் ஒன்று முற்றத்தில் நின்றது. பாதி ஆடுகளை ஏற்றிவிட்டான். நோரீன் உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். "மானியம்தான் வந்திருச்சே காஹல், இன்னும் எதுக்கு?" என்று கேட்டேன்.

"பணத்துக்காக மட்டும் இல்ல மாஸ்டர். இந்த மலையில தனியா எதுவும் செய்ய முடியாது. பக்கத்துல நிக்கிறவன நம்பணும். நான் யாரை நம்புறது?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மலைய எரிக்க ரெண்டு ஆளு வேணும்னு எங்கப்பா சொல்லுவாரு. ஃபெஸ்டஸ் மாமா தனியாத்தான்னு சாதிக்கிறாரு. அவரு அவ்வளவு முட்டாள் இல்ல. மேல யாரு நின்னது? அந்த ஆளு எவ்வளவு பெரிய தப்புப் பண்ணியிருந்தாலும் சரி, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டா, நான் இதுங்கள இறக்கிவிட்டுருவேன். சத்தியமா இறக்கிவிட்டுருவேன் மாஸ்டர்."

நோரீனும் கதவருகே வந்து நின்றாள். இருவரும் என்னையே பார்த்தார்கள்.

நான் ஓர் உதாரணம் சொல்லத் தொடங்கினேன். ஒரு படகு, இரண்டு துடுப்பு, நடுக்கடலில் காற்று என்று அது நீண்டுகொண்டே போனது. பள்ளியில் நின்றதைப் போலவே காஹல் குறுக்கே பேசாமல் முடியும்வரை நின்று கேட்டான். "சரிங்க மாஸ்டர்" என்றான். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு மிச்ச ஆடுகளை ஏற்றப் போனான்.

பார்ட்லி